ஊவா மலைகளும் இரும்பின் அளவும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி எழுதப் புகுந்தோர் கொழுந்தின் பசுமையையும், மலைமுகடுகளைப் போர்த்திய மூடுபனியையும், லயத்துக் காம்பராக்களில் அடைபட்டு வாழ்ந்த ஜனங்களின் துயரத்தையும் எழுதியிருக்கிறார்கள், அவை எழுதப்படவேண்டியவையே. ஆனால் அந்தக் கொழுந்தைத் தேயிலையாக்கிய யந்திரசாலை, அதைத் தாங்கிய இரும்புத் தூண்கள், மலைநீரைக் கீழிறக்கிய இரும்புக் குழாய்கள், விளைந்த பொருளைக் கொழும்புக்கு ஏற்றிச்சென்ற தண்டவாளம், அந்தப் பாதையின் ஓடைகளுக்குக் குறுக்கே கிடக்கும் இரும்பு உத்தரங்கள் ஆகியவற்றின் சரித்திரம் போதிய அளவு பேசப்படவில்லை. இரும்பு ஊவாவுக்கு வந்த கதை ஒன்று. வந்த இரும்பைத் துருவிலிருந்து காத்த கதை மற்றொன்று. இவ்விரண்டிலும் ஊடுருவி நிற்பது, இந்த மலைப்பாதையில் எவ்வளவு பெரிய பொருளைக் கொண்டுபோக முடியும் என்னும் ஒரே பிரச்சினையாகும். இன்று துருநீக்கும் தொழிலாளி மணல் வீச்சுக்கு உரிய அழுத்தக் கலனைத் தேர்ந்தெடுக்கும்போது எதிர்கொள்ளும் கேள்வியும், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கோப்பித் தோட்டத்துக்கு யந்திரம் தருவித்தவர்கள் எதிர்கொண்ட கேள்வியும் அடிப்படையில் ஒன்றே.

பதுளை, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த பழைய நகரம். மேற்கிலிருந்து அதை அடைவதானால் இரத்தினபுரி வழியே வந்து, ஹல்துமுல்லையைக் கடந்து, ஹப்புத்தளைக் கணவாயை ஏறி மறுபுறம் இறங்கவேண்டும். கிழக்கிலிருந்து வருவதானால் மட்டக்களப்பில் புறப்பட்டுக் காடுகளைக் கடந்து, லுணுகலை, பசறை என்னும் ஊர்களின் வழியே மேலேறவேண்டும். 1817, 1818 ஆம் ஆண்டுகளில் ஊவாவில் தன்னை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியை அடக்கிய பின்னர் ஆங்கில அரசாங்கம் இப்பிரதேசத்தில் பாதை அமைப்பதை ஆட்சியின் சாதனமாகவே கருதிற்று. அக்காலத்துப் பாதைகள் பலவற்றை அமைத்தவர் பதுளையில் உதவி அரசாங்க ஏஜண்டாயிருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர்பெற்ற அந்த மனிதர் 1845 ஆம் ஆண்டில் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர் ஞாபகார்த்தமாக எழுந்த புனித மாற்கு ஆலயம் இன்றும் பதுளையில் நிற்கிறது. யானைகளுக்கு அவர் செய்தது எவ்விதத்திலும் மன்னிக்கத்தக்கதன்று. ஆயினும் அவர் காலத்துப் பாதைகள் இன்றி ஊவாவின் பெருந்தோட்டச் சரித்திரம் தொடங்கியிருக்க முடியாது.

அப்பாதைகளின் வழியே முதலில் வந்த பெரும்பயிர் கோப்பி. கோப்பிப் பழத்தைப் பறித்தவுடன் தாமதமின்றித் தோலுரிக்கவேண்டும். தாமதித்தால் பழம் புளித்துக் கொட்டையின் குணம் கெடும். ஆகையால் உரிக்கும் யந்திரம் நகரத்தில் இருந்து பிரயோஜனமில்லை. அது தோட்டத்திலேயே இருக்கவேண்டும். 1854 இல் ஜோன் வாக்கர் கண்டியில் தொடங்கிய எஞ்சினியர் ஸ்தாபனம் இவ்வகை யந்திரங்களைச் செய்து தோட்டங்களுக்கு அளித்துப் பெருகிற்று. வண்டி போகும் இடம் வரையில் மாட்டுவண்டியிலும், அதற்கப்பால் தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த தொழிலாளரின் தலையிலும் தோளிலுமாக அந்த இரும்பு மலையேறியது. எத்தகைய யந்திரமும், அதன் மிகப் பாரமான ஒற்றை உறுப்பை மனிதர் சுமந்து திரும்பக்கூடிய அளவுக்குள் அடங்கினால்தான் தோட்டத்தை அடையும். யந்திரத்தின் பரிமாணத்தை நிர்ணயித்தது மலைப்பாதையின் வளைவும், அதில் நடந்தவனின் தோளுமே என்று சொல்வது மிகையாகாது.

1869 இல் ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையில் ஒரு நோய் காணப்பட்டது. அந்தப் பூஞ்சை சில ஆண்டுகளுக்குள் தீவின் கோப்பித் தோட்டங்கள் யாவற்றிலும் பரவி அப்பயிரையே அழித்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலையோ கோப்பியைவிட மிகுதியான இரும்பை வேண்டிய பயிர். கொழுந்தை வாட்டுவதற்கு மாடி, கசக்குவதற்கு ரோலர், உலர்த்துவதற்கு வெப்பக் காற்று, இவற்றை இயக்குவதற்கு நீர்ச்சக்கரமோ நீராவி எஞ்சினோ வேண்டும். வில்லியம் ஜாக்சன் வகுத்த கசக்கும் யந்திரங்களும், சாமுவேல் டேவிட்சன் 1881 இல் பெல்பாஸ்டில் நிறுவிய சிரொக்கோ ஆலையின் உலர்த்தும் யந்திரங்களும் இலங்கையின் தோட்டங்களுக்கு வரத் தொடங்கின. தோமஸ் லிப்டன் 1890 இல் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை வாங்கினார். தம்பேத்தன்னையின் பெரிய ஸ்டோர் அந்தக் காலத்தில் எழுந்ததே. தேயிலை யந்திரசாலையைத் தோட்டத்து ஜனங்கள் ‘ஸ்டோர்’ என்றுதான் சொல்வார்கள். மலைச்சரிவில் வெள்ளித் தகடு போர்த்து நிற்கும் அந்தக் கட்டடத்தினுள் புகுந்து பார்த்தால், சுவரைவிட இரும்புத் தூணும் உத்தரமுமே அதன் உண்மையான உடல் என்பது விளங்கும்.

ரயில் வந்தபின் இரும்பின் அளவு மாறியது. நானுஓயாவுக்கு 1885 இல் வந்த ரயில், பட்டிப்பொலைக்கு அப்பால் 6,200 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் சிகரச் சுரங்கத்தைக் கடந்து, ஹப்புத்தளையைத் தொட்டு, 1894 இல் பண்டாரவளையை அடைந்தது. அதன் பிறகு நெடுங்காலம் பண்டாரவளையே இருப்புப்பாதையின் எல்லையாக இருந்தது. பதுளைக்கும் பசறைக்கும் மடுல்சீமைக்கும் போகவேண்டிய பாரங்கள் எல்லாம் அங்கே இறங்கி வண்டிக்கு மாறின. ரயில் வேகனில் முழுதாக வந்த கொதிகலம், வண்டிப்பாதையின் முதல் கொண்டை ஊசி வளைவில் மீண்டும் பழைய பிரச்சினையைச் சந்திக்கும். 1924 இல்தான் ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே இரும்பு உத்தரம் எதுவுமின்றி ஒன்பது வளைவுகளில் நிற்கும் பாலம் 1921 இல் முடிந்தது. பெரும்போரின் காரணமாக இரும்பு கிடைக்காமற்போனதால் அவ்வாறு கட்டினார்கள் என்பது அங்குள்ள ஜனங்களின் வழிவழிக் கூற்று. காரணம் எதுவாயினும், நூறு ஆண்டுகளாகத் துருநீக்கும் செலவு ஒரு காசும் வைக்காத பாலம் அது. தெமோதரையில் பாதை தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமாகப் புகுந்து சுற்றி இறங்குவதைப் பார்த்து வியப்பவர்கள், அந்தச் சுரங்கத்தின் வாய்க்குள் அடங்காத எந்தப் பாரமும் அதற்குப்பின் ரயிலில் பதுளைக்குப் போகமுடியாது என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

இனித் துருவின் கதை. ஊவாவின் சீதோஷ்ணம் தீவின் மேற்குச் சரிவைப் போன்றதன்று. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் தை வரை அங்கே பெருமழை கொட்டுகிறது; தென்மேல் பருவமோ மேற்கு மலைகளில் தன் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டு, ஆனி முதல் ஆவணி வரை வறண்ட கச்சான் காற்றாக ஊவாவின் கணவாய்களில் வீசுகிறது. மழைக்காலத்தில் மாதக்கணக்காக நனைந்திருக்கும் இரும்பு, கச்சானில் காய்ந்து, விரிந்து, தன்மேல் பூசிய வர்ணத்தை வெடிக்கச் செய்கிறது. அந்த வெடிப்புகளில் அடுத்த மழை புகுகிறது. ஸ்டோரின் உட்புறமும் இதற்கு விலக்கல்ல. வாடும் கொழுந்து வெளிவிடும் ஈரம், கசக்கிய இலையின் துவர்ப்பான சாறு, விறகடுப்பின் புகை இவை யாவும் இரும்பைத் தின்பவையே.

இந்தத் துருவை நீக்கும் வேலை நெடுங்காலம் முழுவதும் மனிதக் கையினாலேயே நடந்தது. சுத்தியலால் தட்டிச் செதிளை உதிர்த்து, உளியால் சுரண்டி, வயர் பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, ஈயத்தைக் கொண்ட செந்நிறப் பூச்சை முதற்பூச்சாகத் தடவி, அதன்மேல் சாம்பல் வர்ணம் பூசினார்கள். பிரயாசையில் குறைவில்லை, பலனில்தான் குறை. கைக்கருவி துருவின் மேற்பகுதியை எடுக்குமேயன்றி, குழிகளின் அடியில் ஒளிந்திருப்பதை எடுக்காது. மேலும் உருட்டாலையிலிருந்து வெளிவரும்போதே இரும்பின்மேல் படிந்திருக்கும் நீலக்கருமையான செதிளை வயர் பிரஷ் அசைப்பதுமில்லை, பளபளப்பாக்கி விட்டுவிடுகிறது. அதன்மேல் பூசிய வர்ணம் இரும்பின்மேல் பூசியதாகாது. செதிள் உரியும் நாளில் வர்ணமும் சேர்ந்து உரியும். அதனாலேயே அதே தூணை அதே மனிதர் மீண்டும் மீண்டும் சுரண்டவேண்டியிருந்தது.

இதே சங்கடம் உலகின் பெரும் பாலங்களுக்கும் நேர்ந்ததுதான். ஸ்கொட்லாந்தின் போர்த் பாலத்தில் 1890 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பூச்சின்மேல் பூச்சாக ஏற்றிவந்து, முடிவில் 2002 இல் தொடங்கி 2011 வரை அத்தனை பூச்சையும், பரலை வேகமாக வீசிச் சுத்தம் செய்யும் வீச்சு முறையால் உரித்து, வெறும் இரும்பைக் கண்டு, அதன்மேல் புதிய பூச்சுப் பூசினார்கள். நமக்கு நெருங்கிய உதாரணம் பாம்பன். 1914 இல் திறந்த அந்தப் பாலத்தைக் கடந்து, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியே, ஊவாவின் லயங்களில் வாழும் குடும்பங்களுள் பலவற்றின் பாட்டனும் பாட்டியும் இத்தீவை அடைந்தார்கள். உப்புக் காற்றோடு நூறு ஆண்டுகளுக்கு மேல் போராடிய அப்பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரலில் அதன் அருகே புதுப்பாலம் திறந்தது. இரும்பைக் காப்பது பூச்சு, பூச்சைக் காப்பது அதன் அடியிலுள்ள சுத்தம் என்பதற்கு இவ்விரு பாலங்களைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

வீச்சு முறையைக் கண்டவர் பெஞ்சமின் சியூ டில்மன் என்னும் அமெரிக்கர். பிலடெல்பியாவைச் சேர்ந்த அவர் அந்நாட்டு உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் கறுப்பினச் சிப்பாய்களின் ரெஜிமெண்டு ஒன்றை நடத்தியவர். மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் முறை ஒன்றையும் கண்டவர். காற்றோ நீராவியோ வேகமாகச் செலுத்தும் மணலைக் கொண்டு கல்லையும் கண்ணாடியையும் உலோகத்தையும் செதுக்கலாம் என்று கூறும் உரிமைப் பத்திரத்தை 1870 இல் அவர் பெற்றார். காற்றடித்த மணலால் ஜன்னற் கண்ணாடி மங்கியதைக் கண்டே அவருக்கு இந்த யோசனை உதித்தது என்பார்கள். ஆரம்பத்தில் நீராவியே மணலைச் செலுத்திற்று. ஆனால் நீராவி குளிர்ந்து மணலை நனைத்துக் கட்டியாக்கும், சுத்தம் செய்த இரும்பையும் உடனே ஈரமாக்கும். ஆகவே அழுத்தப்பட்ட காற்று அதன் இடத்தைப் பிடித்தது. 1870 என்பது மடுல்சீமையில் கோப்பி நோய் தோன்றியதற்கு மறு ஆண்டு. தேயிலை தன் இரும்பையெல்லாம் ஊவாவுக்குக் கொண்டுவருவதற்கு முன்னரே அந்த இரும்பைக் காக்கும் முறை உலகில் பிறந்துவிட்டது என்பதையும், ஆயினும் மலைத்தோட்டத்துத் தொழிலாளியின் கையில் அதற்குப் பின்னும் நெடுங்காலம் சுத்தியலும் வயர் பிரஷுமே இருந்தன என்பதையும் எண்ணும்போது வருத்தமே உண்டாகிறது. கையால் செய்விப்பது மலிவாகத் தோன்றிய வரையில், யந்திரத்துக்கு யார் பணம் செலவிடுவார்கள்?

அழுத்தக் கலன், பட்டறையார் வழக்கில் ‘பாட்’, எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். நிமிர்ந்து நிற்கும் ஓர் இரும்புக் கலம். அதன் தலை உட்குழிந்து, நடுவில் மணலிடும் துவாரத்தோடு இருக்கும். அடி கூம்பாகக் குறுகும். காற்றைத் திறந்தவுடன் உள்ளிருக்கும் அடைப்பான் மேலெழுந்து துவாரத்தை மூடிக்கொள்ளும். கலத்துக்கு உள்ளேயும், அடியில் ஓடும் காற்றுக்குழாயிலும் ஒரே அழுத்தம் நிலவுவதால், மணல் தன் பாரத்தால் மட்டுமே கூம்பின் வழியே இறங்கி, ஒரு வால்வின் அளவுக்கு உட்பட்டுக் காற்றோட்டத்தில் கலந்து, ஹோஸின் வழியே முனைக்குப் பாய்கிறது. தொழிலாளி முனையிலுள்ள பிடியை விட்ட கணத்தில் காற்று நின்றுபோகவேண்டும், கலத்தின் அழுத்தம் இறங்கும், அடைப்பான் விழும், தலையில் குவித்த மணல் மீண்டும் உள்ளே சரியும். இவ்வளவு எளிய கருவியில் அறிவைப் பெரிதும் வேண்டுவது அதன் அளவைத் தேர்வதே.

பெரிய கலனே நல்ல கலன் என்பது பொதுவான அபிப்பிராயம்; அது தவறான அபிப்பிராயம். கலனின் அளவு தனியே நிற்பதன்று. முனைத் துவாரத்தின் விட்டம் எவ்வளவு, அது உண்ணும் காற்று எவ்வளவு, மணல் எவ்வளவு என்னும் கணக்கின் கடைசி வரியே அது. சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அழுத்தத்தில், கால் அங்குல முனை நிமிடத்துக்கு ஏறத்தாழ 81 கன அடி காற்றையும் மணிக்கு ஏறத்தாழ 490 இறாத்தல் மணலையும் கொள்ளும். பதினாறில் ஐந்து அங்குல முனைக்கு 137 கன அடி காற்றும் 800 இறாத்தலுக்குச் சற்று மேற்பட்ட மணலும் வேண்டும். எட்டில் மூன்று அங்குலமானால் 196 கன அடியும் 1,150 இறாத்தலும். அரை அங்குலமானாலோ 338 கன அடியும் 2,000 இறாத்தலும் ஆகும். விட்டம் இரு மடங்கானால் செலவு நான்கு மடங்காவதை இதிற் காணலாம். ஒரு கன அடிக் கலம் ஏறத்தாழ 100 இறாத்தல் மணல் கொள்ளும். ஒருமுறை நிரப்பினால் இருபது முதல் முப்பது நிமிடங்கள் வரை இடைவிடாது ஓடவேண்டும் என்பது தொழிலின் வழக்கமான விதி. அதைவிடக் குறைந்தால் நிரப்புவதிலேயே பொழுது போகும். எட்டில் மூன்று முனையோடு ஆறு கன அடிக் கலன் அரை மணி நேரம் ஓடும். அதே கலன் அரை அங்குல முனையோடு பதினெட்டே நிமிடத்தில் காலியாகும். கால் அங்குல முனையோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். கடைசியாகச் சொன்னது சௌகரியமாகத் தோன்றலாம். ஆனால் மனிதன் ஒருவன் அந்த ஹோஸின் உதைப்பைத் தாங்கி அவ்வளவு நேரம் ஓய்வின்றி நிற்கமாட்டான், நிற்கவைக்கவும் கூடாது.

சமவெளியில், கொழும்புத் துறைமுகத்திலோ சென்னைப் பட்டறையிலோ, இக்கணக்கு இரும்பின் பரப்பிலிருந்து தொடங்கும்: இவ்வளவு பரப்பை இத்தனை நாளில் முடிக்க இந்த முனை, இந்த முனைக்கு இந்தக் கம்பிரசர், அதற்கு இந்தக் கலன். ஊவாவில் கணக்கு தலைகீழாகத் தொடங்கவேண்டும். முதற்கேள்வி பாதை பற்றியது. ஸ்டோரின் முற்றம் வரை லொறி போகும் தோட்டம் எது, அதற்குக் கீழே சரிவில் ஐந்நூறு அடி இறங்கும் நீர்க்குழாயை அடைய ஒற்றையடிப் பாதை மட்டுமே உள்ள தோட்டம் எது என்பதை அறியாமல் கலனைத் தேர்வது வீண். ஆறு கன அடி வெறுங்கலனை நான்கு பேர் கூடியும் எளிதில் தூக்க முடியாது. தேயிலைச் செடிகளுக்கிடையே படிக்கட்டில் அதை இறக்குவது உயிரோடு விளையாடுவதாகும். இரண்டு கன அடிக் கலனை இருவர் மூங்கிலில் கட்டிச் சுமப்பர். கோப்பி யந்திரத்தின் உறுப்புகளைச் சுமந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று இதைச் சுமக்கவேண்டியிருப்பதால், அவர்களது தோளை அளவுகோலாகக் கொள்வதில் எனக்கு யாதொரு தயக்கமும் இல்லை.

இரண்டாவது கேள்வி காற்றைப் பற்றியது. மலையேறியவர் பலர் மறந்துவிடும் கேள்வி இது. ஹப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. கம்பிரசர் உறிஞ்சும் ஒவ்வொரு கன அடியிலும் அவ்வளவு காற்றுக் குறைந்தே இருக்கும். நிமிடத்துக்கு 185 கன அடி என்று எழுதப்பட்டு, இரு சக்கரத்தில் இழுத்துவரும் டீசல் கம்பிரசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் அது 185 தரும். ஹப்புத்தளை மலையில் கடற்கரைக் கணக்குப்படி 157 கன அடிக்கு மேல் தராது. அதில் தொழிலாளியின் தலைக்கவசத்துக்குள் சுவாசத்துக்காக விடவேண்டிய காற்று 20 கன அடியாவது போகும். மிச்சம் 137, அது பதினாறில் ஐந்து அங்குல முனையின் தேவைக்குச் சரியாக முடிகிறது. முடிகிறதே என்று மகிழ்வது அறியாமை. முனைத் துவாரம் நாளுக்கு நாள் தேய்ந்து அகலும். அது எட்டில் மூன்று அங்குலமாக அகன்ற அன்று 196 கன அடி கேட்கும். கம்பிரசர் கொடுக்க இயலாது, அழுத்தம் விழும். ஓர் இறாத்தல் அழுத்தம் குறைய வேலையின் திறன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரை வீதம் குறையும் என்பது தொழிலாளர் அறிந்த கணக்கு. அழுத்தம் விழுந்த கலன், அது பெரியதாயினும் சிறியதாயினும், மணலை விரயமாக்கும் கருவியே. பதுளைப் பள்ளத்தாக்கில் நஷ்டம் ஹப்புத்தளையில் நேர்வதில் பாதியளவே. ஆகவே ஒரே மாகாணத்துக்குள், இருப்புப்பாதையின் இரு நிலையங்களுக்கிடையே, சரியான முனையும் கலனும் மாறிவிடக்கூடும்.

மூன்றாவது, ஈரம். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள நீர் துளியாகிறது; மூடுபனியை உறிஞ்சிய கம்பிரசர் துளிகளை ஹோஸுக்குள் அனுப்பும். பெரிய கலனில் நெடுநேரம் கிடக்கும் மணல் அந்த ஈரத்தை ஏற்றுக் கூம்பின் வாயில் கட்டிபட்டு நின்றுவிடும். சிறிய கலனில் மணல் தங்கும் நேரம் குறைவு. அன்றன்று வேண்டிய அளவை அடுப்பருகே உலர்த்தி இட்டுக்கொள்ளலாம். ஈரம் பிரிக்கும் சாதனம் எவ்வகைக் கலனுக்கும் அவசியமே எனினும், மழைப் பிரதேசத்தில் சிறுகலனுக்குள்ள இந்தச் சலுகை அற்பமன்று.

இதுவரை நாம் ‘மணல்’ என்றே சொல்லிவந்தோம். பழைய வழக்கு அது. ஆனால் ஆற்றுமணலையும் கடல்மணலையும் இவ்வேலைக்கு இனி ஒருவரும் இடலாகாது என்பதை அழுத்திச் சொல்வது கடமை. மணற்பரல் இரும்பில் மோதிப் பொடியாகும்போது எழும் படிகத் தூசி நுரையீரலில் தங்கித் திசுவைத் தழும்பாக்குகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் அந்த நோய்க்குப் பரிகாரம் இல்லை. ஆண்டுகள் கழித்து, வேலையை விட்டபின்னும், சுவாசத்தை நெரிக்கும். பிரித்தானியா 1949 இல் வார்ப்பிரும்புப் பொருள்கள் முதலியவற்றைச் சுத்தம் செய்ய மணலை உபயோகிப்பதைச் சட்டத்தாலேயே தடுத்தது. அதன் இடத்தில் இரும்புப் பரல், செம்புக் கசடு, கார்னெட் முதலியன வந்தன. ஊவாவின் சரித்திரத்தில் கார்னெட்டுக்குத் தனியிடம் உண்டு. பதுளையின் மலைகள் பெரும்பாலும் கார்னெட் மணிகள் பதிந்த பழம்பாறைகளால் ஆனவை. மொனராகலைப் பக்கத்து ஒக்கம்பிட்டியவில் இரத்தினக்கல் அகழ்பவர்கள் சல்லடையில் காணும் செந்நிறக் கற்களும் அந்தக் குலத்தவையே. தமிழ்நாட்டின் தென்கரை மணலில் குவிந்து, கப்பலேறி உலகெங்கும் துருநீக்கப் போனதும் அதே கனிமம்.

கார்னெட் மணலைவிடக் கனமானது. ஆகவே ஒரே கலத்தில் பாரம் கூடும், செலவாகும் வேகமும் வேறுபடும். மணற்கணக்கை வைத்து வாங்கிய கலனைக் கார்னெட்டுக்கு உபயோகிப்பவர் வால்வைக் குறைத்து வைக்கவேண்டும். பழக்கத்தினால் முன்போலவே திறந்துவைத்தால் விலைமதிப்புள்ள பொருள் வீணே தரையில் கொட்டும்.

தரையில் கொட்டுவது பற்றியும் சொல்லவேண்டும். பழைய ஸ்டோர்களின் தூண்களில் கிடப்பது ஈயம் கலந்த செம்பூச்சு. அதை வீச்சினால் உரிக்கும்போது ஈயத்தூசி காற்றில் எழும். கச்சான் அதை எடுத்துச் சென்று தேயிலைச் செடியின்மேலும், லயத்துக் கூரையின்மேலும், ஜனங்கள் குடிநீர் பிடிக்கும் பீலியின்மேலும் தூவும். குழந்தைகளின் மூளைக்கு ஈயம் செய்யும் தீங்கு உலகறிந்தது. வேலையிடத்தை நான்கு புறமும் படுதாவால் மறைத்து, உதிர்ந்ததை ஒன்றுவிடாமல் கூட்டிச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்தாமல் எந்த ஸ்டோரிலும் இவ்வேலையைத் தொடங்கலாகாது. படுதாவுக்குள் அடங்கும் அளவு வேலையே ஒரு நாளின் வேலை. அந்த அளவுக்கும் சிறுமுனையும் சிறுகலனுமே பொருந்துகின்றன.

கலன் என்பது அழுத்தம் அடைத்த பாத்திரம் என்பதும் மறக்கத்தக்கதன்று. கொதிகலங்கள் வெடித்து மனிதர் மாண்ட காலத்தில்தான் தேசங்கள் இத்தகைய பாத்திரங்களுக்குச் சட்டம் வகுத்தன. இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நீராவிக் கொதிகலங்களுக்கும் காற்றுத் தேக்கங்களுக்கும் பாதுகாப்பு வால்வையும், தகுதியுள்ளவரின் காலாந்தரப் பரிசோதனையையும் விதித்தது. பழைய எரிவாயு உருளையை வெட்டி ஒட்டிச் செய்த கலன்கள் மலிவாகக் கிடைக்கலாம். உள்ளிருந்து பரல் தேய்த்துத் தேய்த்து அவற்றின் சுவர் மெலிவதை வெளியிலிருந்து காணமுடியாது. அப்படிப்பட்ட கலனைத் தொழிலாளியின் அருகில் வைப்பவர், அளவைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும் பெருங்குற்றம் செய்தவரே ஆவர்.

இத்தனையும் சேர்த்து எண்ணினால், ஹப்புத்தளை, பூனாகலை, நமுனுகுலை போன்ற உயர்ந்த தோட்டங்களுக்கு ஏற்றது ஆறு கன அடிப் பெருங்கலன் ஒன்றன்று, கால் அங்குல முனையோடு இயங்கும் இரண்டு கன அடிக் கலன் என்பதே என் தீர்ப்பு. ஒருமுறை நிரப்பினால் இருபத்துநான்கு நிமிடங்கள் ஓடும். 185 கன அடிக் கம்பிரசர் மலைமேலும் அதைத் தடையின்றி ஊட்டி, முனை தேய்வதற்கும் இடம் வைக்கும். நிரப்பும் இடைவேளையில் முனை பிடித்தவன் கவசத்தைக் கழற்றி மூச்சுவிடலாம். பதுளை நகரத்திலும் ரயில் நிலையங்களின் அருகிலும் லொறி நெருங்குமாதலால், மூன்றரை கன அடியும் பதினாறில் ஐந்து அங்குல முனையும் வைத்துக்கொள்ளலாம்; கம்பிரசர் மட்டும் ஒரு படி பெரியதாக இருக்கவேண்டும்.

காலத்தைத் தேர்வதில்தான் சிக்கல் எஞ்சுகிறது. இரும்பின் வெப்பம் பனிபடியும் நிலையைவிட மூன்று பாகையாவது மேலிருந்தால்தான் சுத்தம் செய்த பரப்பு துருவேறாமல் பூச்சை ஏற்கும். அதற்கு உகந்தது வறண்ட கச்சான் காலம். ஆனால் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் தேடித்தந்த நறுமணம் கொழுந்தில் ஏறுவதும் அதே ஆடி, ஆவணி மாதங்களில்தான். அப்போது ஸ்டோரின் ரோலர்கள் நிற்கமாட்டா, நிறுத்தச் சொல்லவும் எந்தத் துரையும் துணியமாட்டார். தேயிலை உலரும் கட்டடத்துக்குள் தூசி எழுப்பவும் கூடாது. ஆகையால் வெளிக்குழாய்களையும் பாலங்களையும் கச்சானிலும், ஸ்டோரின் உட்புறத்தைக் கொழுந்து குறைந்து யந்திரங்கள் ஓயும் மாசி, பங்குனியின் வெயில் நாட்களிலுமாகப் பிரித்துச் செய்வதே பொருந்தும். பங்குனி கழிந்து இடைப்பருவத்து மாலைமழை தொடங்குமுன் முதற்பூச்சு ஏறிக் காய்ந்துவிடவேண்டும்.